ஒரு துப்பாக்கியும் 'போறேன்' என்ற சொல்லும்

1

"…துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கினு, மூஞ்சைக்கூடத் திருப்பாம, 'போறேன்'னு சொல்லிட்டுப் போனா, வீட்டுல இருக்கிறவ இன்னான்னு நெனைக்கிறது? சொல்லுங்க. இன்னான்னு நெனைக்கிறது?"

கேட்டவள் என் மனைவி கஸ்தூரி. கேட்ட இடம் வீடு இல்லை. நாங்கள் இருக்கிற ஆப்பிள் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள குன்றின் உச்சி. போன மாதம், ஒரு மத்தியானம். அவளுக்கு மூச்சு வாங்கியது. காலில் சமையற்கட்டுக்குள் போட்டுக்கொள்கிற ரப்பர் செருப்பு. நான் புல்லில் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கி மடியில் கிடந்தது.

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. அடுத்து அவள் என்ன செய்தாள் என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? ஒரு சொல்லுக்காக ஒரு பொம்பளை ஏன் செருப்போடு குன்றேறி ஓடி வந்தாள்? ஊரில் இருக்கிற உங்களுக்கு இரண்டாவது உடனே புரியும், முதலாவதுதான் விளங்காது. இங்கே இருக்கிறவர்களுக்கு அது அப்படியே தலைகீழ். இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

2

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இங்கிலீஷ் கற்றுக்கொண்டதெல்லாம் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில். ரமணாசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டில் பெட்டி தூக்கினேன், வெந்நீர் போட்டுக் கொடுத்தேன், அவர்கள் வாயைப் பார்த்தே பேசக் கற்றேன். அவர்கள் அங்கே வந்தது மௌனத்தைத் தேடி. நான் அவர்களிடம் தேடியது பேச்சை. "இவன் ஒருத்தன் இருக்கிற வீட்ல எங்கேருந்துப்பா தியானம் கூடும்?" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அப்படிப் பேசிப் பேசியே பழக்கமான ஒருத்தர், நியூசிலாந்தின் தென் தீவில் தெரிந்தவர் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று காகிதம் போட்டு என்னைக் குடும்பத்தோடு இங்கே இழுத்துவிட்டார்.

வந்த புதிதில் தினமும் வேலை முடிந்ததும் முதலாளி வீட்டு வாசலில் நின்று, "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். 'வரேன்'தான். வேறு எப்படிச் சொல்வது? வாசப்படி தாண்டும்போது 'போறேன்' என்று நம் ஊரில் எவன் சொல்வான்? ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து முதலாளியம்மா கேட்டுவிட்டார்: "தினமும் வருகிறேன் வருகிறேன் என்கிறாய். உனக்கென்று ஒரு கோப்பை தேநீர் போட்டு வைக்கிறேன். ஆறிப்போய்க் கொட்டுகிறேன். ஏன் ஒரு நாளும் வருவதில்லை?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது கோப்பை தேநீர்! எங்கள் ஊரில் கிளம்பும்போது வருகிறேன் என்றுதான் சொல்வோம், போகிறேன் என்று சொன்னால் ஒரேயடியாகப் போகிறதாக அர்த்தம் என்று கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. "அப்படியானால் ஒரேயடியாகப் போகிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்றார்.

"அவங்க சொல்லிக்கிறதில்லைம்மா" என்றேன்.

அப்புறம் நானும் தேறினேன். "ஐ ஆம் ஆஃப்" என்று சொல்லக் கற்றேன். மகள் மதிக்கு அந்தப் பாடமே தேவைப்படவில்லை. இங்கே வரும்போது அவளுக்கு மூன்று வயசு. பள்ளிக்கூடம் சேர்ந்த ரெண்டாம் மாதமே வாசலில் நின்று "போறேன்ப்பா" என்றாள். கஸ்தூரி பாய்ந்துபோய்ப் பையைப் பிடித்து இழுத்தாள்.

"வரேன்னு சொல்லுடி!"

"வரலையேம்மா. போறேன் தானே? பொய் சொல்லக் கூடாதுன்னு நீ தானே சொல்ற?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அதைத் தமிழில் கேட்கிற பிள்ளைக்குத்தான் அது புரியும். மதி கேட்டது தமிழ்ச் சொல்லில், இங்கிலீஷ் மனசில். கஸ்தூரி விடாமல் திருத்திக்கொண்டே இருந்தாள். நான் நாலைந்து வருஷத்தில் விட்டுவிட்டேன். இப்போது மதி பெரிய ஊரில் தங்கி நர்சிங் படிக்கிறாள். போனை வைக்கும்போது "சரிப்பா, போறேன், பை" என்பாள். எனக்கு உறைப்பதே இல்லை. பிள்ளைகள் நம் பேச்சைக் கற்றுக்கொள்வது ஒரு நாள் நின்றுபோகிறது. அன்றிலிருந்து நாம் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறோம். யாரும் நமக்குச் சொல்வதில்லை.

3

என் அண்ணன் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் பக்கம் ரெண்டரை ஏக்கர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவான். காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். "பன்னிக்கு வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது" என்று எங்கள் நைனா சொல்வார். அண்ணன் பழைய புடவைகளை வாங்கி நிலத்தைச் சுற்றிக் கட்டினான். முடிவெட்டுகிற கடையிலிருந்து மூட்டை மூட்டையாக மயிர் கொண்டுவந்து வரப்பில் தூவினான். பன்றி ரெண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் வந்தது.

காலையில் வீடியோவில் கூப்பிட்டு நிலத்தைக் காட்டுவான். செடியெல்லாம் வேரோடு புரண்டு, தோல் தோலாகக் கிடக்கும். "பாருடா தம்பி. அறுவடை முடிஞ்சுது. கூலிகூடக் கேக்கல, நல்ல ஆளுங்க" என்பான். அவன் சிரித்தால் நான் சிரிப்பேன். எங்களுக்குள் வழக்கமே அப்படி.

ஒரு நாள் வேங்கிக்காலில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்குப் போய்த் துப்பாக்கி லைசென்ஸ் பற்றி விசாரித்துவிட்டு வந்தான். என்னென்ன காகிதம் வேண்டும், யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒருத்தர் நிதானமாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். "அந்த ஆளு பொறுமையாத்தான் சொன்னாருடா. எனக்குத்தான் பொறுமை இல்ல" என்றான். அப்புறம் அந்தத் தாள் சட்டையோடு துவைபட்டது.

"உங்க ஊர்ல கடையில தொங்கவிட்டு விக்கிறாங்களாமே, வாழைத்தார் மாதிரி? எனக்கு ஒண்ணு பார்சல் போடு."

"ஒரு மூட்டை மல்லாட்டை அனுப்பு, மாத்திக்கலாம்" என்றேன்.

அண்ணனுக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான். ஒரு நையாண்டி.

அவன் நிலத்தைச் சுற்றிக் கம்பி இழுத்து அதில் கரண்ட் விட்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. சட்டப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து, ரெண்டும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் சொல்லவில்லை. ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் கம்பியைச் சுருட்டிவிட வேண்டும் என்று விடிகாலையில் எழுந்து போவானாம். வைகாசி மாதம் ஒரு நாள், கரண்ட் இல்லை என்று நினைத்துக் கம்பியில் கை வைத்தான். அதற்கு மேல் எழுத எனக்கு ஆகாது.

விமானம் மாறி மாறி நான் போய்ச் சேர்ந்தது காரியத்தன்றுதான். கஸ்தூரியும் வந்திருந்தாள். அண்ணி எங்களைப் பார்த்து அழவில்லை. ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கட்டிக்கினு வந்த நாள்லேருந்து வரேன்னுதான் சொல்வாரு. அன்னிக்குப் பார்த்து 'போறேம்மா'ன்னாரு. சொன்னாரா, எனக்குத்தான் தூக்கத்துல அப்படிக் கேட்டுச்சான்னு தெரியல. எழுந்து கூப்பிட்டிருக்கணும். நான் எழுந்து கூப்பிட்டிருக்கணும்."

கஸ்தூரி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

4

அண்ணன் போய் மூன்று வருஷம் கழித்து, முதலாளிக்கு முழங்கால் தேய்ந்து குன்றேற முடியாமல் ஆனது. குன்றில் காட்டுப்பன்றி. ஆமாங்க, இங்கேயும் அதேதான். ஆடு மேய்கிற புல்தரையை ஏர் ஓட்டின மாதிரி புரட்டிப் போட்டுவிட்டு, உதிர்ந்த ஆப்பிளுக்காகத் தோட்டம் வரை இறங்கும். "நீ லைசென்ஸ் எடுத்துக்கொள். இனிமேல் குன்று உன் பொறுப்பு" என்றார் முதலாளி. அண்ணன் பஸ் ஏறிப் போய்க் கேட்டது எனக்குக் கேட்காமலே வந்தது.

கேட்காமல் வந்தாலும் சும்மா வரவில்லை. பரீட்சை எழுத வேண்டும். இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரோடு சேர்த்து முடுக்க வேண்டும். பெட்டியின் சாவி என்னைத் தவிர யார் கையிலும் இருக்கக் கூடாது. "வீட்டுச் சாவியெல்லாம் என் மனைவியிடம்தான் இருக்கும்" என்று நான் பெருமையாகச் சொல்லப்போக, பரிசோதிக்க வந்த போலீஸ்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று எங்கள் நைனா பெயரைப் போட்டிருந்தேன். ஆக, வாழ்நாளில் ஒரு கவண்கல்கூட எறியாத கோவிந்தசாமி பேரில் ஒரு துப்பாக்கி லைசென்ஸ் இந்த உலகத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய பரீட்சை கஸ்தூரிக்குத்தான். வீட்டுக்காரியைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாம். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மதி மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். உள்ளே நடந்ததை அப்புறம் மதிதான் நடித்துக் காட்டினாள்.

"அவருக்குக் கோபம் வருமா?"

"வரும். சாம்பார்ல உப்பு ஜாஸ்தியானா வரும்."

"மனசு ரொம்பவும் உடைந்துபோன மாதிரி எப்போதாவது இருந்திருக்கிறாரா?"

"அவங்க அண்ணன் செத்தப்போ இருந்தாரு. ஆனா பேசிக்கினே இருந்தாரு. அடுப்புல உலை கொதிக்கிற சத்தம் கேக்கிற வரைக்கும் பயம் இல்லம்மா. சத்தம் நின்னுதுன்னாத்தான் கிட்டப் போய்ப் பார்க்கணும். தண்ணி வத்திடுச்சா, அடுப்பு அணைஞ்சிடுச்சான்னு."

இதை மதி இங்கிலீஷில் எப்படிச் சொன்னாள் தெரியுமா? "எங்கப்பா வாயை மூடவே மாட்டார், அதனால் பாதுகாப்பானவர்." அந்தம்மா சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாராம். லைசென்ஸ் வந்துவிட்டது. உலை, தண்ணீர், அடுப்பு எதுவும் அந்தத் தாளில் ஏறவில்லை.

என்ன துப்பாக்கி வாங்குவது என்று பாஷா பாயிடம்தான் போனில் கலந்தேன். திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அண்ணனுக்குச் சிநேகிதர், அதனால் எனக்கும் அண்ணன் முறை.

"ஸ்கவுட் துப்பாக்கியா?" என்றார். "கழுத்துல துணி கட்டிக்கினு, கிரிவலத்துல கூட்டத்தை ஓரமாப் போகச் சொல்லுமே பள்ளிக்கூடப் பசங்க, அதுங்களுக்கா துப்பாக்கி குடுக்கிறானுங்க உங்க ஊர்ல?"

"இல்ல பாய். முன்னால போய் வேவு பார்க்கிறவன் எடுத்துக்கினு போற மாதிரி. நீளம் கம்மி, கனம் கம்மி."

"வேவுத் துப்பாக்கின்னு சொல்லேன். அதுல போல்டுன்னு வேற சொன்னியே?"

"தாழ்ப்பாள் மாதிரி பாய். கைப்பிடியைத் தூக்கணும், பின்னால இழுக்கணும், முன்னால தள்ளணும், கீழ மடக்கணும். ஒவ்வொரு குண்டுக்கும் இதே வேலை."

"அடப்பாவி, தாழ்ப்பாளா! நாப்பது வருஷமா நான் அதைத்தானேடா பண்ணிக்கினு இருக்கேன்? நல்லாக் கேட்டுக்கோ. தாழ்ப்பாளும் மருமகனும் ஒண்ணு. முடுக்கினா முறைச்சுக்கும், எண்ணெய் ஜாஸ்தியானா நழுவிப் போயிடும். அளவா வெச்சுக்கோ."

சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல பாய்."

"சொல்லாத. இப்போ வேணாம்."

இங்கே கடைக்காரர் ஐந்து துப்பாக்கியை மேசைமேல் வரிசையாக வைத்தார். நாலும் நீளம். தோளில் மாட்டினால் குன்றேறும்போது புதரில் சிக்கும். ஐந்தாவதுதான் நான் பாயிடம் சொன்ன அந்த வேவுத் துப்பாக்கி. கறுப்பில் பச்சை கலந்த மங்கல் நிறம். நல்ல மண்வெட்டி ஒன்றின் கனம். மற்றதில் குறி பார்க்கிற கண்ணாடி முகத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். இதில் தள்ளி, குழல் மேலே முன்னால் இருந்தது. ஏன் என்று கேட்டேன். கடைக்காரர் என் மாதிரி பேச்சு ஆசாமி போலிருக்கிறது. "மற்றதில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறியை மட்டும் பார்ப்பாய், மிஸ்டர் கோவிந்தசாமி. இதில் இரண்டு கண்ணும் திறந்திருக்கும். குறியும் தெரியும், குறியைச் சுற்றி இருக்கிற உலகமும் தெரியும்" என்றார்.

அந்தப் பேச்சுக்காகவே வாங்கிவிட்டேன்.

5

சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பே பொய்யாகிவிடும்.

சுட்டுப் பழகுகிற மைதானத்தில் அட்டையைத் தொங்கவிட்டு முதல் குண்டு சுட்ட அன்று, தோளை யாரோ உரிமையோடு தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. சத்தம் எதிர்க் குன்றில் மோதித் திரும்பி வந்து மறுபடி போனது. கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் வெற்றுத் தோட்டா துள்ளி விழும், தள்ளினால் அடுத்தது உள்ளே போய் உட்காரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகப் பொருத்திய கதவைச் சாத்தின மாதிரி, சந்தேகமே இல்லாத ஒரு சத்தம். நாடு மாறி வந்தவன் வாழ்க்கையில் சந்தேகமில்லாத சத்தம் ரொம்பக் கம்மி. எதைச் சொன்னாலும் சரியாகச் சொன்னோமா என்று ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். துப்பாக்கியிடம் அந்தத் தொல்லை இல்லை.

முதல் நாள் குண்டுகள் அட்டையில் ஆளுக்கொரு திசையில் போயின. ஒரு மாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பரை விரித்து, துணியைக் குச்சியில் சுற்றிக் குழலைத் துடைப்பேன். துடைத்ததையே துடைப்பேன். அந்த எண்ணெய் வாசனை தாளிக்கிற வாசனையோடு கலக்கிறது என்று கஸ்தூரி ஜன்னலைத் திறந்து வைப்பாள்.

மதி லீவுக்கு வந்தபோது அவளையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். துப்பாக்கியே பிடிக்காது என்றவள், என் பக்கத்தில் நின்று ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தும் நடுவில். "அப்பா, மூச்சை வெளியே விட்டுட்டு, சும்மா இருந்து சுடணும். நீங்க பேசிக்கினே சுடறீங்க" என்றாள். அவள் என்னோடு அவ்வளவு நீளமாகத் தமிழில் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி தட்டை நீட்டி, "நான் தோசை சுடறேன், உங்கப்பா அட்டையைச் சுடறாரு. யாரு சுட்டது வயித்துக்கு ஆவுதுன்னு நீயே சொல்லுடி" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தத் துப்பாக்கி எங்களுக்குக் கொடுத்த நல்ல நாள் அது. அப்படி இன்னும் ரெண்டு மூன்று நாள் இருக்கும்.

6

இந்த வருஷம் ஆப்பிள் பறிப்பு முடிந்து, இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு காலை, தோட்டத்துக் கடைசி வேலி ஓரம் ஆண் பன்றி ஒன்று உதிர்ந்த பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. காற்று எதிரில். நான் முழங்காலிட்டேன். ரெண்டு கண்ணும் திறந்திருந்தன. கடைக்காரர் சொன்ன மாதிரி பன்றியும் தெரிந்தது, பன்றியைச் சுற்றி இருந்ததும் தெரிந்தது. ஒரே குண்டு.

பன்றி இருந்த இடத்திலேயே சாய்ந்தது. எழுந்தேன். இடது பக்கம் திரும்பி, வாய் விட்டு, "பாத்தியாண்ணே!" என்றேன்.

அங்கே வேலி இருந்தது. வேலிக்கு அந்தப்புறம் ஆடுகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன.

சத்தம் கேட்டு முதலாளி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். தோளில் தட்டினார். சுத்தமான அடி என்றார். பின்னங்கால் தொடையை எனக்கென்று எடுத்து வைத்தார். நான் வேண்டாம் என்றேன். கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குப் பேச்சு கம்மியாகிவிட்டது. வேண்டுமென்று இல்லை. வாய் வரைக்கும் வரும், இதை யாரிடம் சொல்ல என்று தோன்றும், திரும்பிப் போய்விடும். அண்ணன் செத்தபோதுகூட நான் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். இப்போதுதான் அவன் இல்லை என்பது எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. பாஷா பாய் கூப்பிட்டால் போன் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். முதலாளி "என்னப்பா, ரேடியோ பழுதா?" என்று கேட்டார். மதி வாரத்துக்கு ஒரு முறை பேசுவாள், நான் "ம்" சொல்வேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அல்லது தெரிந்து, என்ன கேட்பது என்று தெரியவில்லை.

நான் எந்த அறைக்குப் போனாலும் அந்த அறையில் கஸ்தூரிக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது. மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

7

அண்ணன் செத்த திதி வந்தது. கஸ்தூரி குளித்து, அவன் படத்துக்குப் பூ வைத்து, வடை பாயசத்தோடு இலை போட்டுப் படைத்தாள். அண்ணிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"இந்த வருஷம் மல்லாட்டை நல்லா வந்திருக்குதுங்க" என்றார் அண்ணி. "பன்னியும் வந்துச்சு. தின்னுட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். அதுவும் இல்லன்னா அந்த நிலத்துக்கு யாருதான் வராங்க?"

என்னிடம் துப்பாக்கி இருக்கிறது அண்ணி, நான் ஒரு பன்றியைக் கொன்றேன் அண்ணி, அண்ணன் கேட்டபோது நான் கிண்டல் பண்ணினேன் அண்ணி. அத்தனையும் சொல்லத்தான் போனைக் காதோடு அழுத்தினேன். "சரிங்க அண்ணி" என்று வைத்துவிட்டேன்.

இலையில் ரெண்டு வாய் சாப்பிட்டேன். எழுந்தேன். இரும்புப் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டினேன். கஸ்தூரி தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே "எங்க?" என்றாள்.

"போறேன்" என்றேன். கதவைச் சாத்தினேன்.

நான் சொன்னது தமிழே இல்லை, 'ஐ ஆம் ஆஃப்' என்பதைத்தான் நாக்கு தமிழில் தள்ளிவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம். மதியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்றும் சொல்லலாம். பன்றி பார்க்கத்தான் போனேன் என்று எழுதிவிட்டால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் மத்தியானத்தில் பன்றி வெளியே வராது. அது எனக்குத் தெரியும். கஸ்தூரிக்கும் தெரியும்.

உச்சியில் போய் உட்கார்ந்தேன். கீழே தோட்டம் வரிசை வரிசையாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன், என்ன நினைத்தேன் என்பது நினைவில் இல்லை. ஒன்றுமே நினைக்கவில்லை என்பதுதான் நிஜம் என்று நினைக்கிறேன். பயமாக இருப்பது அதுதான். அப்போது பின்னால் ரப்பர் செருப்பு வழுக்கி வழுக்கி ஏறுகிற சத்தம். பதினெட்டு வருஷத்தில் கஸ்தூரி ஒரு நாளும் அந்தக் குன்றில் ஏறியதில்லை.

வந்து நின்றாள். நான் முதலில் எழுதியதைக் கேட்டாள். "இன்னான்னு நெனைக்கிறது?" என்று ரெண்டு தடவை கேட்டாள்.

நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குனிந்து, இரண்டு கையாலும் என் மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. நாலடி தள்ளிப் புல்லில் வைத்துவிட்டு வந்து, எனக்கும் அதற்கும் நடுவில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தேன், இடுப்பில் ஒரு எவர்சில்வர் சொம்பை இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஓடி வந்ததில் பாதி சிந்தி, ஸ்வெட்டரின் ஒரு பக்கம் முழுக்க ஈரம். போனை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. முதலாளியைக் கூப்பிடத் தோன்றவில்லை. கிளம்பும்போது ஆகாத சொல் விழுந்துவிட்டால் போனவனைத் திரும்ப வரச்சொல்லி, உட்காரவைத்து, ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்களே, அதுதான் தோன்றியிருக்கிறது. நான் திரும்பி வரவில்லை. அதனால் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அவள் வந்துவிட்டாள்.

சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். பல் கூசுகிற குளிர். கடைசி வாய் வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலிச் சொம்பை வாங்கிக் கவிழ்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உதறினாள்.

"இப்போ சரியாச் சொல்லிட்டுக் கிளம்புங்க" என்றாள். பிறகு அந்த ஈரக் கையாலேயே என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.